கரிவளியும் மீநுண் மாழையும்

(தனித்தமிழ் அன்பர் அவையொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



"தமிழில் பாட்டெழுதலாம், மேடையில் முழங்கலாம், அறிவியலைச் சொல்ல இயலுமா?" என்னும் வினா இந்நாட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. வினவுவோர் பெரும்பாலும் தமிழரே என்பதுதான் இதிலுள்ள இழிவு. அவர்க்கு விடை சொற்போரில் இல்லை, செய்துகாட்டுவதில் உள்ளது. ஆகலின் இப்பொழிவு மொழியைப் பற்றியதன்று. காற்றில் பெருகிவரும் ஒரு வளியைப் பற்றியது. அவ்வளியைப் பயன்பொருளாக மாற்றுதற்கு இலையிடத்தும் நுண்ணுயிரியிடத்தும் சிலந்தியிடத்தும் பாடங்கேட்டு வரும் வேதியியலைப் பற்றியது. தமிழ் அதனைத் தாங்குகின்றதா என்பதைக் கேட்போரே முடிவுசெய்து கொள்ளட்டும்.

கரி எரியுங்கால் உயிர்வளி அணுக்கள் இரண்டைப் பற்றிக்கொண்டு வளியாகி எழுகின்றது. பள்ளிநூல்கள் அதனைக் 'கார்பன் டை ஆக்சைடு' என ஒலிபெயர்த்தெழுதும். 'கரியமிலவளி' என்பாரும் உளர்; அமிலம் வடசொல்லாதலின் அதுவும் வேண்டா. கரிவளி எனின் போதும். கரியணு ஒன்றோடு உயிர்வளி அணு ஒன்றே சேர்ந்து உண்டாகும் நச்சுவளியை ஒற்றைக் கரிவளி எனப் பிரித்துரைக்கலாம்.

ஆலைத்தொழில் பெருகுமுன்னர்க் காற்றின் பத்து இலக்கம் பங்கில் கரிவளி ஏறத்தாழ 280 பங்கே இருந்தது. 1958-ஆம் ஆண்டில் சார்லசு கீலிங் என்னும் அமெரிக்க அறிவியலார் அவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 315. 2024-ஆம் ஆண்டிலோ 420-ஐக் கடந்துவிட்டது. நிலக்கரியையும் கல்லெண்ணெயையும் நிலத்தடி எரிவளியையும் எரித்து மாந்தர் ஆண்டுதோறும் வானில் ஏற்றும் கரிவளி ஏறத்தாழ 3,700 கோடி டன். ஞாலம் சூடேறுவதற்கு இதுவே தலையாய கரணியம்.

ஏற்றிய கரிவளியைத் திரும்பப் பிடித்து எரிபொருளாகவோ நெகிழிக்கு மூலப்பொருளாகவோ ஆக்க இயலாதா? இயலும். ஆனால் எளிதன்று. விறகு எரிந்தபின் எஞ்சும் சாம்பலை மீண்டும் விறகாக்குவது எத்தகைய வேலையோ அத்தகைய வேலை அது. கரி தன்னிடமிருந்த ஆற்றலையெல்லாம் கொடுத்துவிட்டு ஓய்ந்த நிலையே கரிவளி. நடுவில் கரி, இருபுறத்தும் உயிர்வளி, மூன்றும் ஒரே நேர்கோடு, இருமருங்கும் இரட்டைப் பிணைப்பு; இவ்வாறு இறுகி நிற்கும் மூலக்கூறு அது. மின்னணு (எலக்ட்ரான்) ஒன்றை மட்டும் அதன்மேல் திணிக்க வேண்டின், நேர்கோடாயிருந்த அது வளைந்தாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 1.9 வோல்ட்டு எதிரழுத்தம் தேவை. மின்னணு இரண்டையும் நீர்வளியின் அணுக்கரு இரண்டையும் ஒருங்கே ஊட்டி ஒற்றைக் கரிவளியாக்கின், ஏறத்தாழ அரை வோல்ட்டே போதும். செங்குத்து மலையை நேரே ஏறுவதற்கும் கணவாய் வழியே கடப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கணவாய் இருக்குமிடத்தைக் காட்டுவதே வினையூக்கியின் தொழில்.

வினையூக்கி என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். 1835-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியறிஞர் பெர்சிலியசு இந்நிகழ்ச்சிக்குக் கிரேக்க வேரினின்று பெயரமைத்தார். அவ்வேரின் பொருள் 'கட்டவிழ்த்தல்' என்பது. ஐரோப்பிய மாணவன் அதனை விளங்கிக்கொள்ள அகரமுதலியைப் புரட்டவேண்டும். தமிழ் மாணவனுக்கோ சொல்லே பொருளுரைக்கின்றது: வினையை ஊக்குவது வினையூக்கி. தான் செலவாகாமல் பிறவற்றின் வினையை விரைவிப்பது அது. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும்: வினையூக்கி ஏற்றத்தைத் தணிக்குமேயன்றி, சேருமிடத்தின் உயரத்தை மாற்றாது. சாம்பல் விறகாக வேண்டுமாயின் அதற்குரிய ஆற்றலை எங்கிருந்தேனும் கொண்டுவந்தே தீர வேண்டும். இவ்வுண்மையை மறைத்தே வாணிக விளம்பரங்கள் பல எழுதப்படுகின்றன. அதன் கணக்கு பின்னர் வரும்.

நெருப்பாலும் அழுத்தத்தாலும் கரிவளியை மாற்றும் வழி பழையது. 1902-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுச் சபாத்தியே என்பார் சூடேற்றிய நிக்கல் தூளின்மேல் கரிவளியையும் நீர்வளியையும் செலுத்தி மீத்தேன் ஆக்கிக் காட்டினார். செம்பும் துத்தநாகமும் கலந்த வினையூக்கியின்மேல் காற்றழுத்தத்தினும் பன்மடங்கு அழுத்தத்தில், இருநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் மர வெறியம் ஆக்குவதும் ஆலைகளில் நிகழ்வதே.

உயிரினங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. அறை வெப்பத்தில், தண்ணீரில், கைக்கெட்டும் எளிய மாழைகளைக் கொண்டே அவை இவ்வினையை முடிக்கின்றன. மாழை என்பது பிறர் 'உலோகம்' என்று வழங்கும் பொருளுக்குரிய தமிழ்ச்சொல். இலையின் பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். நீரைப் பிளந்து உயிர்வளியை வெளிவிடும் இடத்தில் மாங்கனீசு அணுக்கள் நான்கும் கால்சியம் அணு ஒன்றும் கூடிய சிறு கொத்தொன்று அமர்ந்திருக்கின்றது. மாந்தர் குருதியில் கரிவளியை நீரில் கரைக்கும் நொதியத்தின் நடுவிலோ துத்தநாகம். அந்நொதியத்தின் மூலக்கூறு ஒன்று ஒரு நொடியில் பத்து இலக்கம் கரிவளி மூலக்கூறுகள்வரை கையாளவல்லது.

ஆனால் இயற்கை செய்வதெல்லாம் நிறைவுடையது என்று போற்றிப் பாடுவோர்க்குக் கசக்கும் செய்தி ஒன்றுண்டு. இலைக்குள் கரிவளியை முதன்முதற் பற்றும் நொதியம் மிக மந்தமானது. ஒரு நொடிக்கு மூன்று முதல் பத்து மூலக்கூறுகளே அதனால் இயலும். அதிலும் நான்கைந்து முறைக்கு ஒருமுறை கரிவளியென்று மயங்கி உயிர்வளியைப் பற்றிவிடும். இக்குறையை ஈடுசெய்யவே செடிகள் அந்நொதியத்தைக் குவியல் குவியலாக ஆக்கி வைத்துள்ளன; உலகில் மிகுதியாக உள்ள புரதம் அதுவே என்பர். ஆகவே உயிரினங்களிடம் கற்பது வேறு. அவற்றைக் கண்மூடிப் படியெடுப்பது வேறு. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று தெரிந்தவனே மாணவன்.

கொள்ளத்தக்க பாடத்தைச் சிறப்பாகக் கற்பித்தது ஒரு நுண்ணுயிரி. சப்பானுக்கு வடக்கே குரில் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த குனாசிர் என்னும் தீவின் வெந்நீர்ச் சதுப்பில் அது கண்டெடுக்கப்பெற்றது. எழுபது பாகை வெப்பத்தில் வாழும். மாந்தரைக் கொல்லும் ஒற்றைக் கரிவளியே அதற்கு உணவு. அதனிடமுள்ள நொதியம் ஒற்றைக் கரிவளியைக் கரிவளியாக்கும். வேண்டின் கரிவளியை ஒற்றைக் கரிவளியாகவும் திருப்பும். இருதிசையிலும் ஆற்றலைச் சிறிதும் வீணாக்காமல் செய்யும். 2001-ஆம் ஆண்டில் செருமானிய ஆய்வாளர் ஓல்கர் தொபெக்கும் உடனாய்வாளரும் அந்நொதியத்தின் உள்ளமைப்பை ஊடுகதிர் கொண்டு கண்டறிந்தனர். நடுவே நிக்கல் அணு ஒன்று, இரும்பணுக்கள் நான்கு, அவற்றைப் பிணைக்கும் கந்தகம். அவ்வளவே! பொன்னில்லை, பிளாட்டினமில்லை. 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கரிவளி அங்குப் பிடிபட்டிருக்கும் நிலையையே காட்டிற்று. கரியணுவை நிக்கல் பற்றியிருந்தது. உயிர்வளி அணு ஒன்றை இரும்பு பற்றியிருந்தது. அருகிலிருந்த புரதக் கைகள் நீர்வளிப் பிணைப்பால் தாங்கி நின்றன. நேர்கோடாக நின்ற மூலக்கூறு வளைந்து கிடந்தது. தனியொரு மாழை திணிக்க முயன்று தோற்பதை இருமாழைகள் இருமருங்கும் நின்று வளைத்துவிடுகின்றன.

இங்கு ஒரு முரண் உள்ளது. அதே நிக்கலைத் தகடாக்கி நீரில் அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தினால் கரிவளி மாறுவதில்லை. நீரே பிளந்து நீர்வளி மட்டும் குமிழியிடும். பிறக்கும் சிறிதளவு ஒற்றைக் கரிவளியும் தகட்டின்மேல் ஒட்டிக்கொண்டு அதனைச் செயலிழக்கச் செய்யும். 2010-க்குப் பிந்தைய பத்தாண்டின் இறுதியில் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில், நிக்கலை ஒவ்வோர் அணுவாகப் பிரித்துக் கரிப்படலத்தில் பதித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வெடியக (நைட்ரசன்) அணுக்களை நிறுத்தினர். பச்சையத்தின் நடுவில் மக்னீசியத்தை நான்கு வெடியக அணுக்கள் சூழ்ந்திருப்பது போன்ற அமைப்பு இது. இப்போது அதே நிக்கல், செலுத்திய மின்னணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைக் கொண்டு ஒற்றைக் கரிவளியை ஆக்கிற்று. மாழை மாறவில்லை, அதன் இருக்கையும் சுற்றமும் மாறின. உயிரினங்களிடமிருந்து கற்றவற்றுள் இதனினும் பெரியது வேறில்லை.

நிக்கல் என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். செம்புக் கனிமம் என்று நம்பி உருக்கிய பொருளில் செம்பு கிடைக்காமற்போகவே, செருமானியச் சுரங்கத் தொழிலாளர் அதனைச் 'செம்புப்பேய்' என்று ஏசினர். அப்பேயின் பெயரே நிக்கல். தம் பேச்சுவழக்கின் வசைச்சொல்லையே உலக அறிவியற்சொல்லாக்கியவர் அவர். தமிழரோ இரும்பு, செம்பு, ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் என்று ஆண்டாண்டுக்காலம் வழங்கிய பெயர்களைக்கூட வகுப்பறையில் சொல்லக் கூசுகின்றனர்.

இனி 'மீநுண்' என்பது. ஆங்கில வழக்கில் 'நானோ' என்பர். கிரேக்கத்தில் குள்ளன் என்று பொருள். ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரையுள்ள துகள்களை மீநுண் துகள்கள் எனலாம். பழந்தமிழ்க் கீழ்வாயிலக்கத்தில் முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அம்முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒன்று கீழ்முந்திரி. ஒரு மீட்டரின் கீழ்முந்திரியை மேலும் ஏறத்தாழப் பதினாயிரம் கூறாக்கினால் நானோமீட்டர் கிடைக்கும். இதனால் முன்னோர் மீநுண் அறிவியல் அறிந்திருந்தனர் என்று முழங்குவது வெற்றுப் பெருமை. நுண்ணளவுகளைப் பெயரிட்டு எண்ணும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று என்பதே கொள்ளத்தக்கது.

இத்துணைச் சிறிதாக்குவதேன்? வினை நடப்பது மாழையின் மேற்பரப்பில் மட்டுமே; உள்ளே புதைந்த அணுக்கள் வாளா கிடக்கும். பக்கத்துக்கு ஒரு செண்டிமீட்டர் உள்ள கட்டி ஒன்றின் மேற்பரப்பு ஆறு சதுரச் செண்டிமீட்டர். அதனைப் பத்து நானோமீட்டர்க் கட்டிகளாக அரிந்தால் மொத்தப் பரப்பு அறுநூறு சதுர மீட்டர். அஃதாவது ஏறத்தாழ ஆறாயிரத்து நானூறு சதுர அடி. சுண்டுவிரல் நுனியில் நிற்கும் செம்பு, வீட்டுமனை இரண்டரை அளவுக்கு விரிகின்றது. அதனினும் சிறப்பு, துகளின் விளிம்பிலும் மூலையிலும் உள்ள அணுக்கள் துணைகுறைந்து நிற்பதால் அவற்றின் பற்றுந்திறன் வேறுபடுவது. வடிவத்தை மாற்றினால் விளைபொருளும் மாறும்.

'உயிரியல்பு தழுவிய மீநுண் மாழை வினையூக்கி' என்று இப்போது சொன்னால், இச்சொற்றொடரைப் பத்தாம் வகுப்பு மாணவனும் பிரித்துப் பொருள் காண்பான்.

மாழைகளுள் செம்புக்குத் தனியிடம் உண்டு. சப்பானின் சிபாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசியோ ஓரி என்பார் 1985-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளில் மாழைகளை ஒவ்வொன்றாக மின்வாயாக்கிக் கரிவளி கரைந்த நீரில் நிறுத்திப் பார்த்தார். பொன்னும் வெள்ளியும் ஒற்றைக் கரிவளியைத் தந்தன. ஈயமும் வெள்ளீயமும் எறும்புக்காடியின் உப்பைத் தந்தன. இரும்பும் நிக்கலும் பெரும்பாலும் நீர்வளியையே தந்தன. செம்பு ஒன்றே மீத்தேனையும் எத்திலீனையும் தந்தது. எத்திலீன் என்பது காயைக் கனிவிப்பதும், நெகிழிப் பைக்கு மூலமாவதுமான வளி. இரு கரியணுக்களை ஒன்றோடொன்று கோக்க வல்லது செம்பே. ஆனால் கட்டுப்பாடற்ற கைவினைஞனைப் போல அது பத்துக்கு மேற்பட்ட பொருள்களை ஒரே நேரத்தில் ஆக்கிக் குவிக்கும். போதாதென்று சுற்றியுள்ள நீரையும் பிளந்து மின்னணுக்களை நீர்வளிக்கே செலவழிக்கும். எத்திலீன் மூலக்கூறு ஒன்றுக்கு மின்னணு பன்னிரண்டு தேவை. அவை நீரின்பக்கம் ஒழுகிவிடாமல் தடுப்பது எவ்வாறு?

விடை ஒரு சிலந்தியிடம் இருந்தது. ஐரோப்பிய, ஆசிய நன்னீர்க் குளங்களில் வாழ்நாளெல்லாம் நீருக்கடியிலேயே கழிக்கும் சிலந்தி ஒன்றுண்டு. அதன் வயிற்றுப்புறம் முழுதும் நீரொட்டா மயிரடர்ந்தது. நீர்மட்டத்துக்கு வந்து திரும்புகையில் அம்மயிரிடையே காற்றுப்படலம் சிக்கிக்கொள்ளும். வெள்ளிப் போர்வை போர்த்தாற்போல் மின்னிக்கொண்டே அது நீரில் இறங்கும். நீருக்குள் தான் பின்னிய இழைக்கூண்டில் அக்காற்றைச் சேர்த்துவைத்து மூச்சுவிடும்.

பாரிசு நகரில் 'கொலேசு த பிரான்சு' என்னும் கல்விநிலையத்தில் மார்க்கு பொந்துக்காவு என்பாரின் ஆய்வுக்குழு இச்சிலந்தியைக் கருத்திற்கொண்டு செம்பு மின்வாய் ஒன்றை அமைத்தது. செம்பைப் பெரணியிலை போலக் கிளைகிளையாக மீநுண் வடிவில் வளர்த்து, அதன்மேல் மெழுகுபோன்ற நீண்ட கரித்தொடர் மூலக்கூறுகளை ஒற்றை அடுக்காகப் போர்த்தினர். கந்தகம் அம்மூலக்கூறுகளின் ஒருமுனையைச் செம்போடு பிணைத்தது. நீரில் அமிழ்த்தியதும் சிலந்தியின் வயிறுபோலவே வளிப்படலம் அதன்மேல் தங்கிற்று. கரிவளி செம்பை நெருங்கி நின்றது; நீர் எட்டி நின்றது. 2019-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, போர்வையில்லாச் செம்பில் செலுத்திய மின்னணுக்களுள் நூற்றுக்கு 9 எத்திலீனுக்கும் 4 எரிசாராயத்துக்கும் சென்றன. போர்வையிட்ட செம்பில் அவை 56-ஆகவும் 17-ஆகவும் உயர்ந்தன. மாழை அதே செம்பு. நீர் அதே நீர். ஒரு மூலக்கூறு தடிப்புள்ள மெழுகுப் போர்வையே வேறுபாடு.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. உயிரைப் பார்த்து மாழையைச் செய்வதற்கு மாற்றாக, உயிருக்குள்ளேயே மாழையைப் புகுத்துவது. கரிவளியைப் புளிங்காடியாக்கவல்ல, ஆனால் ஒளியைப் பயன்படுத்தத் தெரியாத நுண்ணுயிரி ஒன்றைக் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் எடுத்துக்கொண்டனர். 2016-இல் அதன் மேனியில் காட்மியமும் கந்தகமும் சேர்ந்த மீநுண் துகள்களைப் படியச்செய்தனர். 2018-இல் பொன்னணுக்கள் இருபத்திரண்டு கொண்ட கொத்துகளை அதன் உடலுக்குள்ளேயே செலுத்தினர். ஒளியறியா உயிரி ஒளியை உண்டு கரிவளியைப் புளிங்காடியாக்கத் தொடங்கியது. வியப்புத்தான். எனினும் காட்மியம் கொடிய நஞ்சு என்பதையும் மறத்தலாகாது.

இனி, முன்னர்ச் சொன்ன கணக்கு. உலகில் ஆண்டுதோறும் ஆக்கப்படும் எத்திலீன் 15 கோடி டன்னுக்கு மேல். அப்பதினைந்து கோடி டன்னையும் கரிவளியிலிருந்தே ஆக்குவதாகக் கொள்க. ஒரு டன் எத்திலீனுக்கு மூன்று டன்னுக்குச் சற்று மிகுதியான கரிவளி வேண்டும். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 47 கோடி டன். காற்றில் ஏறும் 3,700 கோடி டன்னில் இது நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு! அந்நெகிழியும் ஒருநாள் எரிக்கப்படின் அக்கரிவளி மீண்டும் வானேறும்.

ஆற்றற் கணக்கோ இதனினும் கடுமை. ஒரு டன் எத்திலீனுக்கு, எவ்வகை இழப்புமில்லை என்று கொண்டாலும், வீட்டு மின்கணக்கில் வழங்கும் அலகில் பதின்மூவாயிரம் அலகு மின்சாரம் வேண்டும். நிலக்கரி எரித்து ஓர் அலகு மின்சாரம் ஆக்க ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரிவளி வெளிப்படும். ஆகவே நிலக்கரி மின்சாரத்தால் இதனைச் செய்வோர், மூன்று டன் கரிவளியை விழுங்கப் பன்னிரண்டு, பதின்மூன்று டன்னைக் கக்குவர். நடைமுறையில் இழப்பு மிகுதியாதலின் கக்குவது இன்னும் கூடும். கதிரவனாலும் காற்றாலும் பெற்ற மின்சாரமே இதற்கு உரியது. அம்மின்சாரம் மிஞ்சும்வரை, முதலில் நிலக்கரி உலையை அணைப்பதற்கே அதனைப் பயன்படுத்துதல் அறிவுடைமை. 'கரிவளியை நாங்கள் பொருளாக்குகிறோம். ஆகவே எரிப்பதை நிறுத்த வேண்டா' என்று பெருநிறுவனம் எதுவும் சொல்லுமாயின், இப்பெருக்கலைத் தாய்மொழியில் போடத் தெரிந்த ஊரார் அதனை ஏற்கமாட்டார். பிறமொழியில் எழுதிய விளம்பரத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஊராரோ கைதட்டுவர்.

ஆய்வுக்கூடத்தில் இன்னும் தீராத சிக்கல் நீடிப்பு. மீநுண் செம்புத் துகள்கள் மின்னோட்டத்தில் நாளடைவில் கரைந்தும் ஒன்றோடொன்று ஒட்டியும் பருத்தும் வடிவிழக்கின்றன. மெழுகுப் போர்வை கழன்று நீர் உட்புகுகின்றது. காரநீரைப் பயன்படுத்தும் கலங்களில் கரிவளியின் பெரும்பகுதி பொருளாகாமல் உப்பாகிப் படிகின்றது. ஆலையில் அமர வேண்டிய மின்வாய் ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டும். இலையும் இவ்வாறே தேய்கின்றது. நீரைப் பிளக்கும் கொத்தைத் தாங்கும் புரதம் கடுவெயிலில் அரைமணி நேரத்துக்கொருமுறை சிதைகின்றது. இலை அதனைக் கழற்றியெறிந்து புதியதைப் பொருத்திக்கொண்டு, வினையை நிறுத்தாமலே பகல்முழுதும் தொடர்கின்றது. செம்புப் பெரணிக்கும் பொற்கொத்துக்கும் அவ்வாற்றல் இன்னும் வாய்க்கவில்லை.